ஓருடலில் இரு பிணிகள்: சிபிலிசும் எச்.ஐ.வி.யும்

விழா மலரொன்றிலே கல்லூரியின் பழம்பெருமையை எடுத்துரைத்தலும், மறைந்த ஆசிரியர்களை நன்றியோடு நினைவுகூர்தலும் மரபு. அவற்றை எழுத நம்மினும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளோ பலரும் வாய்திறந்து பேசக் கூசுவது. எச்.ஐ.வி. என்னும் வைரசோடு வாழும் ஒருவருடைய உடலிலே சிபிலிசு என்னும் பழம்பிணியும் வந்து குடிபுகுமாயின் நிகழ்வது யாது, அதனை எங்ஙனம் அறியலாம், எங்ஙனம் தீர்க்கலாம் என்பதே அப்பொருள். விழாக் காலத்தில் இதனைப் பேசுதல் முறையோ எனச் சிலர் வினவக்கூடும். ஒரே ஊசிமருந்தால் பெரும்பாலும் தீர்க்கத்தக்க பிணியினால் இன்றும் மனிதர் கண்ணொளி இழக்கின்றனர். கருவிலே சிசுக்கள் மடிகின்றன. மருந்து இன்மை சில நாடுகளில் இதற்குக் காரணமாகலாம். மருந்து இலவசமாகக் கிடைக்கும் நம் நாட்டிலோ நாணமும் அறியாமையுமே பெருங் காரணங்கள். அறியாமையைப் போக்குதல் கல்லூரி மலரின் கடமைகளுள் ஒன்று என்னும் துணிவினால் இதனை எழுதலாயினோம்.

திருக்கோணமலையார்க்கு இப்பொருள் அயலானதன்று. நம் நகரின் வாழ்வே துறைமுகத்தோடு பிணைந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒருவர்பின் ஒருவராக இத்துறையை நாடி வந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியரின் கீழைக் கடற்படை இங்கே நங்கூரமிட்டிருந்தது; 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதை நம் மூத்தோர் கூறக் கேட்டிருக்கின்றோம். 1957இல் அத்தளம் இலங்கையரசின் கைக்கு வந்தது. உலகின் எத்துறைமுகத்தை எடுத்துக்கொண்டாலும், வீட்டைப் பிரிந்து நெடுநாள் கடலில் உழல்வோர் கரையேறும் இடத்தில் பாலியல் நோய்களும் கரையேறுதல் வரலாறு காட்டும் உண்மை. இதிலே நம் ஊருக்கு மட்டும் தனிப்பழி ஒன்றுமில்லை, தனிக்காப்பும் இல்லை.

பெயரின் வரலாறு

ஒவ்வொரு நாட்டாரும் இப்பிணிக்கு அயல்நாட்டார் பெயரையே சூட்டினர் என்பது கருதத்தக்கது. 1495ஆம் ஆண்டளவில் இத்தாலியின் நேப்பிள்சு நகரை முற்றுகையிட்ட பிரெஞ்சு அரசனின் படையிலே இது பெருவாரியாகப் பரவிற்று. இத்தாலியர் இதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்சு நோய் என்றனர். 1530இல் பிரக்காசுத்தோரோ என்னும் இத்தாலிய வைத்தியர் இயற்றிய பாடலொன்றில் வரும் இடையனின் பெயரிலிருந்தே சிபிலிசு என்னும் சொல் பிறந்தது. பாரதநாட்டிலே பதினாறாம் நூற்றாண்டு ஆயுள்வேத ஆசிரியராகிய பாவமிசிரர் இதனைப் பிரங்க ரோகம் எனக் குறித்தார். பிரங்கர் எனினும் பறங்கியர் எனினும் ஒக்கும். தமிழ் வைத்தியர் பறங்கிப்புண் என்றும், கிரந்தி என்றும், பிற நோய்களோடு சேர்த்து மேகநோய் என்றும் வழங்கினர். அதற்கு மருந்தாகச் சீனத்திலிருந்து வந்த கிழங்கொன்று பறங்கிப்பட்டை என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது.

ஈழத்திலோ இச்சொல் வேறொரு பொருளையும் ஏற்றது. வன்னியிலும் கிழக்கின் உட்கிராமங்களிலும் பறங்கி என மக்கள் அழைத்தது, ஆங்கிலத்தில் யோசு எனப்படும் தோற்புண் நோயையே. 1881ஆம் ஆண்டில் இலங்கையின் தலைமை வைத்திய அதிகாரியாகிய கின்சி என்பார் இதுபற்றித் தனி அறிக்கையொன்று எழுதினார். அந்நோய் வறுமையும் நீர்ப்பஞ்சமும் மிக்க ஊர்களிலே, பெரும்பாலும் சிறுவரிடையே, தோலோடு தோல் உறுவதால் பரவியது. பாலுறவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் இரண்டும் நெருங்கிய உறவினவே. 1905ஆம் ஆண்டிலே பேர்லினில் சவுடின், கொவ்மன் என்னும் இருவர் சிபிலிசின் கிருமியைக் கண்டனர். அதே ஆண்டிலே கொழும்பில் பணியாற்றிய கசுதெலானி என்னும் இத்தாலிய அறிஞர் பறங்கியின் கிருமியைக் கண்டார். இரண்டும் திருகாணி போல் நெளிந்து செல்லும் திரெப்போனீமா என்னும் ஒரே இனத்தின் கிளைகள். சிபிலிசுக்கான வழக்கமான இரத்தப் பரிசோதனைகள் இவ்விரண்டையும் வேறுபிரித்துக் காட்டமாட்டா. ஆகவே சோதனைத்தாள் ஒன்றை மாத்திரம் கொண்டு ஒருவரின் ஒழுக்கத்தை அளத்தல் பேதைமை என்பது தெளிவு.

சட்டம் செய்த பிழை

ஆங்கில அரசு தன் படைவீரரைக் காக்கக் கருதி 1864ஆம் ஆண்டில் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. படைமுகாம்களும் துறைமுகங்களும் உள்ள நகர்களிலே பரத்தையர் என ஐயுறப்பட்ட பெண்களைப் பிடித்து, வலிந்து சோதித்து, நோய் காணின் அடைத்துவைக்க அச்சட்டம் இடந்தந்தது. அவரிடம் சென்ற ஆடவரை அது சோதிக்கவில்லை. இதனையொத்த சட்டங்கள் குடியேற்ற நாடுகள் பலவற்றிலும் வந்தன. யோசபின் பட்லர் என்னும் அம்மையார் முன்னின்று நடத்திய நெடிய போராட்டத்தின்பின் 1886இல் இங்கிலாந்தில் அது நீக்கப்பட்டது. இருவரிடையே பரவும் நோயை ஒருவரை மட்டும் ஒறுத்து ஒழிக்க முயன்றது அச்சட்டத்தின் பிழை. அச்சத்தினால் நோயாளர் ஒளிந்துகொள்வர்; ஒளிந்தவரிடத்திலே நோய் வளரும். ஒரு நூற்றாண்டின் பின் எச்.ஐ.வி. தோன்றியபோது இப்பாடத்தை உலகம் மறுபடியும் கற்கவேண்டியதாயிற்று.

இரு கிருமிகளும் அவற்றின் இயல்பும்

சிபிலிசு பற்றீரியா இனத்தது. அது உடலுட் புகுந்து 10 முதல் 90 நாள்களுக்குள், பெரும்பாலும் மூன்று வாரமளவில், புகுந்த இடத்திலே ஒரு புண் தோன்றும். அப்புண் பொதுவாக நோவதில்லை. பிறப்புறுப்பில் மட்டுமன்றி வாயிலும் குதத்திலும் தோன்றலாமாதலின் பலர் அதனைக் காண்பதே இல்லை. மருந்தின்றியே சில வாரங்களில் அது ஆறிவிடும். இதுவே இந்நோயின் வஞ்சகம். புண் ஆறிற்று, நோய் ஆறவில்லை. சில வாரங்களோ மாதங்களோ சென்றபின் உடலெங்கும், சிறப்பாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், தடிப்புகள் எழும். காய்ச்சலும் நெறிக்கட்டும் முடியுதிர்தலும் தோன்றலாம். அவையும் தாமே மறையும். பின்னர் ஆண்டுக்கணக்காக யாதொரு குறியுமின்றி நோய் உறங்கும். மருந்து பெறாதோருள் ஒரு பகுதியினர்க்குப் பத்தும் இருபதும் ஆண்டுகள் கழிந்தபின் இருதயத்தையும் பெருநாடியையும் மூளையையும் அது தாக்கும்.

எச்.ஐ.வி.யோ வைரசு இனத்தது. 1981ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்காவில் எயிட்ஸ் நோயாளர் பற்றிய முதற் செய்தி வெளியாயிற்று. 1983இல் பாரிசு நகரின் பாத்தர் நிறுவனத்தார் அவ்வைரசைப் பிரித்தெடுத்தனர். தமிழ்நாட்டிலே 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த வைத்தியர் சுனிதி சொலமனும் அவர் மாணவியாகிய நிர்மலாவும் சேர்த்த குருதி மாதிரிகளிலேயே பாரதநாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. இலங்கையர் ஒருவரிடத்தில் இத்தொற்று முதன்முதற் காணப்பட்டது 1987இல். இவ்வைரசு உடலின் காவற்படையாகிய வெண்குருதி அணுக்களுள், சீ.டி.4 எனப்படும் வகையைப் பற்றி, அவற்றின் மரபுப்பொருளினுள்ளேயே தன்னை எழுதிக்கொள்கின்றது. ஆதலின் அதனை மருந்தால் முற்றிலும் களைய இயலாது. அடக்கி வைக்க இயலும். 1996 முதல் பல மருந்துகளைக் கூட்டிக் கொடுக்கும் முறை கைவந்தபின், நாள்தோறும் மாத்திரை உட்கொள்வோர் ஏனையோரைப் போலவே நெடுங்காலம் வாழ்கின்றனர். 2024ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் எச்.ஐ.வி.யோடு வாழ்வோர் தொகை ஏறக்குறைய நான்கு கோடி எனக் கணிக்கப்பட்டுள்ளது.

ஒன்றுக்கொன்று துணை

இவ்விரண்டும் ஒரே வழியாற் பரவுவன. ஆதலால் ஒருவரிடத்தே ஒருங்கு காணப்படுதல் வியப்பன்று. அதனினும் மேலாக, ஒன்று மற்றொன்றுக்குக் கதவு திறந்துவிடுகின்றது.

முதலாவது, சிபிலிசுப் புண் எச்.ஐ.வி.க்கு வாயிலாகின்றது. தோலும் சவ்வும் உடலின் மதில்கள். புண்ணானது அம்மதிலைப் பிளப்பதோடு அமையாது, அதனைக் காக்க வரும் வெண்குருதி அணுக்களையும் அவ்விடத்திலே திரட்டுகின்றது. எச்.ஐ.வி. பற்றுவதற்குத் தேடும் அணுக்களோ அவையே. எனவே சிபிலிசுப் புண்ணுடையார் எச்.ஐ.வி.யைப் பெறுதற்குரிய வாய்ப்புப் பன்மடங்கு உயர்கின்றது. சிபிலிசு இருப்பதாக அறிந்த ஒருவரை எச்.ஐ.வி.க்கும் சோதித்தல் இன்றியமையாதது என்பதன் காரணம் இதுவே.

இரண்டாவது, எச்.ஐ.வி. இருப்பவருக்குச் சிபிலிசு வரின், குருதியில் வைரசின் அளவு சிறிது ஏறவும் சீ.டி.4 அணுக்கள் சிறிது குறையவும் கூடும். சிபிலிசுக்கு மருந்து அளித்தபின் இம்மாறுதல் பெரும்பாலும் சீராகின்றது.

மூன்றாவது, காவற்படை குன்றிய உடலிலே சிபிலிசு தன் வழக்கமான படிமுறையை விட்டு விலகலாம். ஒரு புண்ணுக்குப் பதிலாகப் பல புண்கள் தோன்றலாம். முதற்புண் ஆறுமுன்னரே தடிப்புகள் எழலாம். சிபிலிசு எந்நிலையிலும், எவரிடத்தும், கண்ணையும் செவியையும் நரம்பையும் தாக்கவல்லது. எச்.ஐ.வி. உடையார்க்கு, அதிலும் சீ.டி.4 குறைந்து மருந்தின்றி இருப்போர்க்கு, அவ்வச்சம் மிகுதி.

இதனை விளக்க ஓர் எடுத்துக்காட்டை எண்ணிக்கொள்வோம். துறைமுகத்தில் தொழில் செய்யும் ஒருவர், ஐந்தாண்டாக எச்.ஐ.வி. மாத்திரையைத் தவறாது உட்கொள்பவர்; வைரசு குருதியிற் காணப்படாத அளவுக்கு அடங்கியிருக்கின்றது. ஒருநாள் உள்ளங்கையில் செந்தடிப்புகள் எழுகின்றன. சூட்டினால் வந்தது என்கின்றார் மனைவி. மாத்திரையால் வந்தது என அவர் எண்ணுகின்றார். எண்ணெய் தேய்க்கின்றார், தடிப்பு மறைகின்றது. எண்ணெய்க்கே புகழ். இரண்டு மாதம் சென்றபின் வலக்கண் மங்குகின்றது. வயதின் கோளாறு என்று கண்ணாடி வாங்குகின்றார். மங்கல் தெளியவில்லை, மற்றக் கண்ணும் மங்குகின்றது. இறுதியில் ஒரு கண் வைத்தியர் குருதியைச் சோதிக்கச் செய்தபோதே சிபிலிசு வெளிப்படுகின்றது. தடிப்பு எழுந்த அன்றே சோதித்திருப்பின் ஒரே ஊசியோடு முடிந்திருக்கும்; இப்போதோ பத்து முதல் பதினான்கு நாள்வரை நாளத்தின் வழியே பெனிசிலின் ஏற்றவேண்டும். காலந் தாழ்ந்த அளவுக்குக் கண்ணொளி மீளாமலும் போகலாம். இம்மனிதர் கற்பனையே, ஆயினும் இந்நிகழ்ச்சியின் ஒவ்வொரு படியும் வைத்தியர் அன்றாடம் காணும் படியே.

ஈண்டு மற்றொரு செய்தியையும் தெளிவாக்குதல் வேண்டும். மாத்திரையால் வைரசு காணப்படாத அளவுக்கு அடங்கியவர், பாலுறவின் வழியே எச்.ஐ.வி.யைப் பிறர்க்குக் கொடுப்பதில்லை என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை. இது பெரும் ஆறுதல். ஆனால் அம்மாத்திரை சிபிலிசைத் தடுக்காது. எச்.ஐ.வி. வருமுன் காக்கும் மாத்திரையை உட்கொள்வோர்க்கும் இது பொருந்தும். அச்சம் நீங்கியதோடு ஆணுறையையும் சோதனையையும் கைவிட்டவர்களிடத்திலே சிபிலிசு பெருகியமை பல நாடுகளிலும் காணப்பட்டது. சிறப்பாக, ஆடவரோடு உறவு கொள்ளும் ஆடவரிடையே இரு தொற்றுகளும் ஒருங்கு காணப்படுதல் மிகுதி. நம் சமுதாயம் அத்தகையோரை மறைந்து வாழச் செய்கின்றது. மறைந்து வாழ்வோர் வைத்தியரிடத்தும் மறைக்கின்றனர். அறநெறி பற்றி அவரவர் கருத்து எதுவாயினும், நோய் பற்றிய கணக்கு இதுவேயாம்.

சோதனையும் அதன் பொருளும்

சிபிலிசுக்குரிய குருதிச் சோதனைகள் இருவகைப்படும். முதல்வகை, நோயினால் ஊறுற்ற உயிரணுக்களுக்கு எதிராக எழும் பிறபொருளெதிரிகளை அளப்பது, வீ.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். என்பன இவ்வகையின. இவை அளவைக் காட்டுவன. மருந்து பெற்றபின் அளவு படிப்படியாக இறங்கும். முன்னிருந்த அளவில் நான்கிலொரு பங்காகவோ அதனினும் குறைவாகவோ இறங்குமாயின் மருந்து வேலை செய்தது என்று கொள்வர். இரண்டாம் வகை, திரெப்போனீமாக் கிருமிக்கே எதிராக எழும் பொருளைக் காண்பது. இது ஒருமுறை காட்டியபின், நோய் முற்றும் தீர்ந்த பின்னரும், பெரும்பாலார்க்கு வாழ்நாள் முழுதும் காட்டிக்கொண்டேயிருக்கும்.

இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையும் துன்பம் பெரிது. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் நகரின் அயலிலிருந்தும் பலர் வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்கின்றனர். செல்லுமுன் செய்யும் குருதிச் சோதனையில் எச்.ஐ.வி.யும் சிபிலிசும் அடங்கும். என்றோ வந்து முற்றிலும் தீர்ந்த நோயின் தழும்பும் அத்தாளிலே இருப்பதாகத் தோன்றலாம். தகுதியில்லை என்னும் ஒரு சொல்லோடு திரும்பியவர் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தை நாடி, இரு சோதனைகளையும் ஒப்பிட்டு அறிந்துகொள்ளுதல் வேண்டும். அது பழைய தழும்பாயின் அஞ்ச வேண்டுவதில்லை. புதிய நோயாயின் மருந்துண்டு.

எச்.ஐ.வி. உடையாரிடத்திலே இச்சோதனைகள் பெரும்பாலும் நம்பத்தக்கனவே. ஆயினும் சிலரிடத்தில் அளவு வழக்கத்தினும் மிக உயர்ந்தும், சிலரிடத்தில் பிந்தியும் காட்டலாம். பிறபொருளெதிரிகள் அளவுக்கு மிஞ்சித் திரண்டிருப்பின், நீர்த்துப்போகச் செய்யாத குருதியிலே சோதனை பொய்யாக இல்லை எனக் காட்டுவதும் உண்டு. ஆகவே குறிகள் இருந்தும் சோதனை இல்லை என்றால், வைத்தியர் குருதியை நீர்த்தும், சில வாரம் கழித்தும், மறுபடி சோதிப்பர். மருந்து பெற்றபின்னும் இரண்டாண்டு வரை குறித்த இடைவெளிகளில் அளவு பார்க்கப்படும். ஒருமுறை வந்து தீர்ந்தமையால் மறுமுறை வாராது என்பதில்லை. சிபிலிசு எத்தனை முறையும் வரலாம்.

மருந்து

பாதரசமே பல நூற்றாண்டு இந்நோய்க்கு மருந்தாயிருந்தது. நோயாளர் நோயினால் மாண்டனரோ மருந்தினால் மாண்டனரோ எனப் பிரித்தறிதல் அரிதாயிற்று. 1909இல் ஏர்லிக்கு என்னும் ஜேர்மன் அறிஞரும் அவரோடு பணிசெய்த காத்தா என்னும் யப்பானியரும் ஆசனிக்குச் சேர்மமொன்றை இதற்கு மருந்தாகக் கண்டனர். 1928இல் பிளெமிங்கு கண்ட பெனிசிலினை 1943இல் மகோனி என்னும் அமெரிக்க வைத்தியர் சிபிலிசு நோயாளர் நால்வர்க்குக் கொடுத்து வெற்றி கண்டார். அன்று தொட்டு இன்றுவரை பெனிசிலினே முதல் மருந்து.

பிற கிருமிகள் பல தம் மருந்துகளை எதிர்க்கக் கற்றுக்கொண்டன. திரெப்போனீமா பெனிசிலினை எதிர்க்க இன்னும் கற்கவில்லை. ஆயினும் ஒரு சங்கடம் உண்டு. இக்கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. ஒருமுறை இரண்டாகப் பிரிய ஏறக்குறைய 30 மணி நேரம் எடுக்கும். பிரியும் வேளையிலேயே பெனிசிலின் அதனைக் கொல்லுமாதலின், மருந்து பல நாள் குருதியில் தங்கியிருத்தல் வேண்டும். அதற்காகவே தசையிலே தங்கி மெல்ல மெல்லக் கசியும் பென்சதீன் பெனிசிலின் வகுக்கப்பட்டது. தொற்றி ஓராண்டு கடவாத நோய்க்கு 24 இலட்சம் அலகு ஒரே முறை. நெடுநாள் உறங்கிய நோய்க்கு வாரம் ஒன்றாக மூன்று முறை. எச்.ஐ.வி. உடையார்க்கும் அளவு இதுவே; அவர்க்கென மிகையாக ஏற்றுவதால் கூடுதற் பயனில்லை என ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. மூளையோ கண்ணோ செவியோ தாக்குண்டதாயின் மாத்திரமே நாளத்தின் வழி ஏற்றும் முறை வேண்டப்படும்.

ஊசி போட்ட அன்று சிலர்க்குக் குளிர்காய்ச்சலும் உடல்வலியும் எழும். கிருமிகள் திரளாக அழிவதால் வரும் இக்காய்ச்சல் ஒருநாளில் தணியும். அதனை மருந்தின் ஒவ்வாமை எனக் கருதி மேற்கொண்டு வாராதிருத்தல் தவறு. பெனிசிலின் உண்மையிலேயே ஒவ்வாதவர்க்கு வேறு மருந்துகள் உள. மிக முக்கியமானது, நோயாளரோடு உறவு கொண்டவரும் சோதனைக்கு வருதல். ஒருவரை மட்டும் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்புதல், ஓட்டைத் தோணியில் நீரை இறைத்துக்கொண்டேயிருப்பதை ஒக்கும்.

நாடு செய்ததும் எஞ்சியிருப்பதும்

நம் நாடு இத்துறையிலே பெருமைப்படத்தக்க ஒன்றைச் செய்து முடித்துள்ளது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் செல்வதை ஒழித்த நாடென 2019ஆம் ஆண்டு டிசெம்பரிலே உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. நெடும்போரும் 2004இன் ஆழிப்பேரலையும் கண்ட ஒரு நாடு இதனைச் சாதித்தமைக்குக் காரணம் வானளாவிய மருத்துவமனைகள் அல்ல. ஊர்தோறும் வீடு தேடிச் செல்லும் மருத்துவமாதர், கர்ப்பிணிப் பெண் ஒவ்வொருவரின் குருதியையும் தொடக்கத்திலேயே சோதிக்கச் செய்தமையே காரணம். மருந்து பெறாத தாயின் சிபிலிசு கருவைச் சிதைக்கும்; பிழைத்த குழந்தையின் எலும்பையும் செவியையும் கண்ணையும் கெடுக்கும். தாய்க்கு இரு தொற்றும் இருப்பின் குழந்தைக்கு எச்.ஐ.வி. செல்லும் வாய்ப்பும் மிகும். பிரசவத்திற்கு ஒரு மாதத்திற்கு முன்னரேனும் கொடுத்த பெனிசிலின் இத்துணைக் கேட்டையும் தடுக்கின்றது. உலகளவில் 2022இல் மாத்திரம் 80 இலட்சம் பேர் புதிதாகச் சிபிலிசுக்கு ஆளாயினர் என்னும் கணக்கோடு வைத்துப் பார்ப்பின் இச்சாதனையின் அருமை விளங்கும்.

எச்.ஐ.வி. மருந்து 2004ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இங்கு இலவசமாக வழங்கப்படுகின்றது. மாவட்டந்தோறும் தேசிய பாலியல் நோய் எயிட்ஸ் தடுப்புத் திட்டத்தின் சிகிச்சை நிலையம் உண்டு. திருக்கோணமலைப் பொது வைத்தியசாலையிலும் உண்டு. சோதனைக்கும் மருந்துக்கும் பணமில்லை. வந்தவர் பெயரை வெளியிடுதல் இல்லை. பிறநாடுகளோடு ஒப்பிடுகையில் இங்கு எச்.ஐ.வி. உடையார் தொகை மிகக் குறைவு. வளர்ந்தோருள் ஆயிரவர்க்கு ஒருவரினும் குறைவு. ஆயின் தாய்மார்க்குக் கிட்டிய காவல் தந்தையர்க்கும் இளைஞர்க்கும் கிட்டவில்லை. கர்ப்பிணியின் வாயிலுக்கு மருத்துவமாது செல்கின்றார். ஆடவனோ தானே நடந்து சிகிச்சை நிலையத்தின் வாயிலுக்குச் செல்லல் வேண்டும். அந்தச் சில அடித் தூரமே நம்மூரில் மிக நெடிய தூரமாயிருக்கின்றது.

நாணமும் நம்பிக்கையும்

அத்தூரத்தை நீட்டுபவர் யார்? அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் தசுகீகி என்னும் ஊரிலே, 1932 முதல் 1972 வரை, ஏழைக் கறுப்பின ஆடவர் ஏறக்குறைய நானூறு பேரின் சிபிலிசை அரசின் வைத்தியர்கள் மருந்து கொடாமலே கவனித்து வந்தனர். பெனிசிலின் கைக்கு வந்த பின்னரும் கொடுக்கவில்லை. அக்கொடுமை வெளிப்பட்டபின் அம்மக்கள் மருத்துவத்தின்மீது கொண்ட அவநம்பிக்கை தலைமுறை கடந்தும் நீங்கவில்லை. வைத்தியர் இழைத்த துரோகம் நோயாளரை எங்ஙனம் விரட்டுமோ, அங்ஙனமே ஊராரின் வாயும் விரட்டும்.

நம் நாட்டிலே 2016ஆம் ஆண்டில் நிகழ்ந்ததொன்றைக் கல்லூரிச் சமூகத்தார் மறத்தலாகாது. வடமேல் மாகாணத்துச் சிறுவன் ஒருவனுக்கு எச்.ஐ.வி. உண்டு என்னும் வதந்தி பரவ, பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளை நிறுத்தினர். பள்ளிக் கதவுகள் அவனுக்கு மூடின. அவனுக்கு அத்தொற்று இருக்கவேயில்லை. இருந்திருப்பினும் ஒரே வாங்கில் அமர்வதாலோ, ஒரே குழாயில் நீர் அருந்துவதாலோ, விளையாடுவதாலோ அது பரவாது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது, எச்.ஐ.வி.யைக் காரணங்காட்டி எந்தப் பிள்ளைக்கும் கல்வியை மறுத்தலாகாது என்னும் நிலை உறுதியாயிற்று. கண்டியின் புகழ்வாய்ந்த கல்லூரியொன்று அச்சிறுவனை ஏற்றுக்கொண்டது. இத்தகைய பிள்ளையொருவன் நாளை நம் கல்லூரி வாயிலில் வந்து நிற்பின் நாம் செய்யப்போவது யாது? அன்று கூடி ஆராய்வதினும் இன்றே விடையைத் தெரிந்து வைத்தல் நலம்.

சுவாமி விபுலாநந்தர் கல்விப்பணி புரிந்த நகர் இது. அறிவியலைத் தமிழிலே கற்பித்தல் வேண்டுமென்று கலைச்சொல் தேடியவர் அவர். சொல் இல்லாத பொருளைப் பேச இயலாது. பேசாத பொருளைத் திருத்தவும் இயலாது. ஆகவே ஆசிரியர்களை நாம் வேண்டிக்கொள்வது இது: உயிரியற் பாடத்திலே இவ்வியலை நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள் என்று மாணவரிடம் விட்டுவிடாதீர்கள். நீங்கள் கூறாததை அவர்கள் தகாதவர் வாயிலிருந்து தவறாகக் கற்பர். மாணவர்களை வேண்டுவது: நோயின் பெயரைக் கூறி எவரையும் எள்ளாதீர்கள், உடலிலே காரணமறியாத புண்ணோ தடிப்போ தோன்றின் மறைக்காதீர்கள். பழைய மாணவர்களுள் தொழில் நடத்துவோர் பலர். அவர்களை வேண்டுவது: உம்மிடம் பணிசெய்பவர் மாதமொருநாள் சிகிச்சைக்காக விடுப்புக் கேட்பின், என்ன நோய் என்று துருவாது கொடுங்கள். எச்.ஐ.வி.யோடு வாழும் அன்பர் எவரேனும் இதனை வாசிப்பாராயின், அவரிடம் கூறுவது: மாத்திரையை விடாதீர்கள், அதனோடு ஆண்டுக்கு ஒருமுறையேனும், புதிய உறவு ஏற்படின் மூன்று மாதத்திற்கொருமுறை, சிபிலிசுச் சோதனையையும் கேட்டுப் பெறுங்கள். கண் மங்கினாலோ காது இரைந்தாலோ அன்றே கூறுங்கள்.

கோட்டைகள் பலவற்றைக் கண்ட நகர் நம்முடையது. கடல்வழி வந்த பகையைக் காணக் குன்றின்மேல் காவல் வைத்தனர் முன்னோர். உடலுக்குள் ஓசையின்றி நுழையும் பகைக்கும் காவல் வேண்டும். அக்காவல் ஒருதுளிக் குருதியும், ஓர் ஊசியும், கூச்சமின்றிக் கேட்கும் ஒரு கேள்வியுமே. முதலிரண்டையும் வைத்தியசாலை தரும். மூன்றாவதை நாமே கொண்டு செல்லுதல் வேண்டும்.